அம்மாவின் கோப்பில் ஏறிய ஒரு சொல்

அம்மா இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து பதினோராம் நாள். குளிக்க வார்க்க வருகிற பி.எஸ்.டபிள்யூ (வீட்டுக்கு வந்து உதவும் பராமரிப்புப் பணியாளர்) அக்கா தமிழ் ஆள். அம்மாவின் தலையைத் துவட்டி முடித்துவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, அம்மாவுக்கு டிமென்ஷியா எண்டு எங்கட பேப்பரில கிடக்கு. ஆனா அம்மா வடிவாக் கதைக்கிறா. ஆள் மாறிக் கீறி எழுதிப்போட்டினமோ?"

அதுவரை எனக்கு விளங்காமல் இருந்தவை எல்லாம் அப்போதுதான் விளங்கின. பிசியோதெரபிக்கு வந்த பெடியன் அம்மாவைப் பார்க்காமல் என்னோடு மட்டும் கதைத்தது. மருந்துக்கடையில் அம்மா கேட்ட கேள்விக்கு என்னைப் பார்த்துப் பதில் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மொன்றியலில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சம்மதம் வாங்கியது. அம்மாவுக்கு 76 வயது. இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவர்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எனக்கு அறளை பேர்ந்திட்டுது எண்டோ எழுதி வச்சிருக்கினம்?" என்று கேட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் நான் அடுத்த நான்கு மாதமும் மினக்கெட்டேன்.

கனடாவின் ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்ததுதான். ஆஸ்பத்திரி, வீட்டுப் பராமரிப்பை ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைப்பு அலுவலகம், தாதி அனுப்பும் நிறுவனம், பி.எஸ்.டபிள்யூ நிறுவனம், பிசியோ, மருந்துக்கடை, குடும்ப வைத்தியர் என்று ஒரு நோயாளியைச் சுற்றி ஏழு இடம். பராமரிப்பு வட்டம் என்பார்கள். 2004ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது பிப்பா, இவர்கள் சிகிச்சைக்காகத் தகவலைப் பகிரும்போது நோயாளி சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அது நல்லதுதான். அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்திருந்தது. ஆனால் பிழையும் அதே வழியால், அதே வேகத்தில் போகும். திருத்தம் அப்படித் தானாகப் போகாது. நாங்கள் ஒவ்வொரு வாசலாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் பி.எஸ்.டபிள்யூ நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். "தனியுரிமை காரணமாக உங்களோடு கதைக்க முடியாது." அம்மாவைப் பக்கத்தில் இருத்தி மறுபடி எடுத்தேன். அம்மா தன் பெயர், பிறந்த திகதி, ஓஹிப் கார்ட் (மாகாண சுகாதாரக் காப்பீட்டு அட்டை) இலக்கம் எல்லாம் ஆங்கிலத்திலேயே சொன்னார். மறுமுனையில் இருந்தவர் கோப்பைப் பார்த்துவிட்டு, "இவருக்காகப் பேசக்கூடியவர் மகன் என்று இருக்கிறது" என்றார். அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே அப்படிச் சொன்னார். நான்கு தடவை எடுத்தேன், நான்கு பேர், ஒரே வசனம்.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். கீழ்மட்டத்தில் போன் எடுப்பவரோடு வாதாடி ஒரு கிழமையைப் போக்கினேன். அவருக்கு அதற்கான அதிகாரமே இல்லை. பிப்பாவின்படி இப்படியான ஒவ்வொரு நிறுவனத்திலும் தனியுரிமைத் தொடர்பாளர் என்று ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கோப்பைக் கேட்பது, திருத்தம் கேட்பது, முறைப்பாடு சொல்வது எல்லாம் அவரிடம்தான். அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதை எழுத்தில், எவரும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். போனில் வேறொன்றும் விளக்க வேண்டாம். "உங்கள் பிரைவசி ஒபிசரின் பெயரும் தபால் முகவரியும் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். சிறிய கிளினிக் என்றால் பெரும்பாலும் வைத்தியரே அந்த ஆள்.

கேட்டாலும் சுலபமில்லை. தாதி நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. சரி, கோப்பைக் கேட்கும் படிவத்தை நேரில் கொடுப்போம் என்று பனிக்குள் இரண்டு பஸ் மாறி அவர்களுடைய ஸ்காபரோ அலுவலகத்துக்குப் போனேன். கதவு ஊழியர் அட்டைக்குத்தான் திறக்கும். கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒருவர் வந்தார். இது ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அலுவலகம் மட்டுமே, கோப்பு விஷயம் வேறு நகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் என்றார். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் கையெழுத்துத்தானே இருக்கிறது" என்று திருப்பித் தந்தார். ஒரு முழுநாள் அப்படியே போனது.

அந்தக் கடைசி விஷயத்தில் அவர் சொன்னது சரி. பிள்ளை என்பதற்காக எங்களுக்கு உரிமை வந்துவிடாது. அம்மா சுயபுத்தியோடு இருக்கிறார் என்றால் கேட்க வேண்டியவர் அம்மா, அல்லது அவர் எழுத்தில் அனுமதித்தவர். நான் மகளாக நின்று கையெழுத்துப் போட்டதால், அம்மாவால் முடியாது என்ற அவர்களுடைய பதிவை நானே உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன். அன்று இரவே அம்மா ஒரு கடிதம் எழுதினார். என் கோப்பைப் பார்க்கவும் திருத்தம் கேட்கவும் இந்த மகளை அனுமதிக்கிறேன் என்று நான்கு வரி. கையெழுத்தைத் தமிழில் போட்டார். ஓர் இடத்தில் அதையும் கேள்வி கேட்டார்கள், ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறதாம். வேறோர் அடையாள அட்டையில் இருந்த தமிழ்க் கையெழுத்தைப் பிரதி எடுத்து அனுப்பினோம், வாயடைத்தது. கடிதத்தோடு அடையாள அட்டைப் பிரதியை முதலிலேயே சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் கேட்ட நாள் கணக்கில் வராது. எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் அவர்களுக்கு 30 நாள் ஓடத் தொடங்கும். காரணம் சொல்லி இன்னொரு 30 நாள் நீட்டலாம்.

இன்னொன்று. சட்டப்படி எவரும் முடிவெடுக்கக்கூடியவர் என்பதுதான் தொடக்கநிலை. இயலாதவர் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். அப்படித் தீர்மானித்தால் அதை அந்த ஆளிடமே சொல்ல வேண்டும். அவர் 'சம்மதம் மற்றும் இயலுமை வாரியம்' என்ற மாகாண அமைப்பிடம் போய் அதை எதிர்க்கலாம். அம்மாவிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதை ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கான கடிதத்தில் முதல் பந்தியிலேயே எழுதினேன். அதன் பிறகுதான் அங்கிருந்து வந்த பதில்களின் தொனி மாறியது.

கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. குடும்ப வைத்தியரும் மருந்துக்கடையும் காசு கேட்கவில்லை. ஓர் இடம் 41 பக்கத்துக்கு 75 டொலர் கேட்டது. முதல் 20 பக்கத்துக்கு 30 டொலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 25 சதம் என்பதுதான் மாகாணத் தனியுரிமை ஆணையர் தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதை இரண்டு வரியில் எழுதினேன். 35 டொலர் 25 சதத்துக்கு இறங்கினார்கள். சிறிய காசுதான், ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெரிய தெம்பு.

கோப்புகளைச் சாப்பாட்டு மேசையில் திகதிவாரியாகப் பரப்பினோம். எங்கள் ஊரில் காகம் காகமாய்ச் சத்தி எடுத்த கதை சொல்வார்களே, அது அப்படியே எழுத்தில் கிடந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, "குழம்பியிருக்கிறார், கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் படிவத்தில் அது "அறிவாற்றல் குறைபாடு" என்றானது. தாதி நிறுவனத்தின் முதல் பக்கத்தில் "டிமென்ஷியா". அதிலிருந்து பி.எஸ்.டபிள்யூ நிறுவனம், பிசியோ, மருந்துக்கடை எல்லாம் அதே சொல்லைப் படியெடுத்திருந்தன. எந்த வைத்தியரும் எந்த இடத்திலும் அந்த நோயைக் கண்டதாக ஒரு வரி இல்லை.

ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இன்னொரு வரி: "மொழிபெயர்ப்பு: குடும்பத்தினர்." அந்தக் காலை ஆறு மணிக்குக் குடும்பத்தில் ஒருவரும் அங்கே இல்லை. நான் எட்டு மணிக்குத்தான் போனேன். மயக்கமருந்து தெளியாத ஒரு மனுசியிடம், விடிய முதல், ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு சமூகப் பணியாளர் போன் மொழிபெயர்ப்பாளர் மூலம் அம்மாவோடு கதைத்த குறிப்பும் இருந்தது. முதல் மூன்று வரி: தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு கதைத்தேன், தெளிவாக இருக்கிறார், நாள், இடம் எல்லாம் சரியாகச் சொல்கிறார். எங்களுக்கு வேண்டிய சாட்சி அதுதான். ஆனால் அதற்குக் கீழே, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தம்பியை இழந்ததைப் பற்றி அம்மா சொன்னது முழுவதும் எழுதப்பட்டிருந்தது. எங்களிடம்கூட அவர் அப்படி விரித்துச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் பி.எஸ்.டபிள்யூ நிறுவனத்தின் கோப்பிலும் இருந்தது.

"அதுக்கும் என்னைக் குளிக்க வாக்கிறதுக்கும் என்ன சம்பந்தம், பிள்ளை?" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை. வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் பகிரக்கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

அம்மாவைக் கேட்டு, கீழ்ப்பகுதியை வெள்ளைத் தாளால் மறைத்து, மேல் மூன்று வரியை மட்டும் பிரதி எடுத்தேன். திருத்தக் கடிதங்களோடு போனது அவ்வளவுதான். ஆதாரம் அனுப்பும் அவசரத்தில் முழுப் பக்கத்தையும் அனுப்பிவிடாதீர்கள், அது இன்னும் நான்கு கோப்புகளில் போய் ஏறும்.

குடும்ப வைத்தியர் இதில் எங்களுக்குத் துணையாக நின்றார். நினைவாற்றல் பரிசோதனையைத் தமிழில், மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்தார். 30க்கு 27. எண்களைக் கழித்துக்கொண்டு போகும் கேள்விக்கு அம்மா அவர் கேட்டு முடிக்க முன்னமே பதில் சொல்லிக்கொண்டு போனார்.

திருத்தம் கேட்டதற்கு வந்த பதில்களைச் சொல்கிறேன், இதே கதி உங்களுக்கும் வரலாம். தாதி நிறுவனம், "இது எங்கள் பதிவு அல்ல, மேலிருந்து வந்தது, திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று எழுதியது. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் மேலிருந்து வந்த தாளில் "டிமென்ஷியா" என்ற சொல்லே இல்லை. இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். 19 நாளில் திருத்தினார்கள். பழைய சொல் வாசிக்கக்கூடியதாக வெட்டப்பட்டு, சரியானது பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது; அப்படித்தான் செய்வார்கள், அடியோடு அழிக்க மாட்டார்கள். ஒருங்கிணைப்பு அலுவலகம் நீட்டிப்பு எடுத்து 58ஆம் நாள் திருத்தியது.

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பு வரியைத் திருத்தியது. "குழம்பியிருக்கிறார்" என்பதைத் திருத்த மறுத்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய தொழில்முறை அவதானிப்பைத் திருத்தத் தேவையில்லை என்பதும் சட்டத்தில் உள்ள விலக்கு. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் மறுத்தால், நாங்கள் எழுதும் மாற்றுக்கருத்து அறிக்கையை அந்தப் பதிவோடு இணைத்தே வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவை இனி எங்கே அனுப்பினாலும் அதுவும் கூடப் போக வேண்டும். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறு வரி. கோபம் ஒன்றும் இல்லை. நேரம், மொழி, மயக்கமருந்து, நான்கு நாள் கழித்த குறிப்பு, பரிசோதனைப் புள்ளி, அவ்வளவுதான்.

இந்த முழு அலைச்சலிலும் முக்கியமான வரி ஒன்றை முதல் கடிதங்களில் நான் எழுதாமல் விட்டேன்: "இந்தப் பதிவை நீங்கள் ஏற்கெனவே கொடுத்த எல்லோருக்கும் திருத்தத்தை எழுத்தில் அறிவிக்கக் கோருகிறேன்." இதைக் கேட்டால்தான் செய்வார்கள். கேட்காததால் மருந்துக்கடையில் பழைய சொல் இன்னும் மூன்று கிழமை கிடந்தது. இரண்டாவது கடிதத்தில் ஏழு இடத்தின் பெயரையும் எழுதி, அறிவித்ததும் எனக்கு உறுதிப்படுத்துங்கள் என்றும் சேர்த்தேன்.

தம்பியைப் பற்றிய பக்கத்துக்கு அம்மா லொக்பொக்ஸ் கேட்டார். சிகிச்சைக்காகக்கூட இந்தத் தகவலைக் கொடுக்காதே என்று நோயாளி வெளிப்படையாகச் சொல்லும் முறை அது. தெரிந்த ஒருவர் முழுக்கோப்பையும் அப்படிப் பூட்டிவிடச் சொன்னார். அதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். அம்மாவின் இரத்த மருந்து விபரம் ஒரு தாதிக்குத் தெரியாமல் போனால் அது உயிரோடு விளையாடுவது. தேவையான தகவல் ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்று பெறுபவருக்குச் சொல்லியும் விடுவார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும், திகதியும் பக்க எண்ணும் குறிப்பிட்டுக் கேட்டோம். ஆஸ்பத்திரித் தொடர்பாளர் அம்மாவுக்கே போன் எடுத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து, இதைத்தான் விரும்புகிறீர்களா என்று கேட்டுச் செய்தார். பி.எஸ்.டபிள்யூ நிறுவனமும் தங்கள் கோப்பில் அந்தப் பக்கத்தை ஊழியர் எவரும் திறக்காதபடி பூட்டிவிட்டதாக எழுதியது.

ஆஸ்பத்திரியின் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆணையரிடம் முறைப்பாடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. செய்வோமா என்று அம்மாவைக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருக்கிறார். முடியும் திகதியை நாட்காட்டியில் சிவப்பால் வளைத்துவிட்டு, படிவத்தை அம்மாவின் மேசையில் வைத்திருக்கிறேன்.