பொன்னு தம்புரானுக்குப் பூஜ்யம்

மழைக்காலம் வந்தால் எங்கள் ஆர்த்தோ வார்டு நிரம்பிவிடும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மழை, ஒரே பாசி பிடித்த முற்றம். "ராத்திரி பாத்ரூமுக்குப் போனப்போ வழுக்கி..." என்று வீட்டுக்காரர்கள் ஆரம்பிக்கும்போதே என் கண் கட்டிலில் இருப்பவரின் காலுக்குப் போய்விடும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும்: இடுப்பு மூட்டில் எலும்பு முறிவு.

நான் மயக்க மருந்து கொடுப்பவன். எலும்பை எப்படிப் பொருத்துவது என்பது சர்ஜனின் கவலை. என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "தாங்குவாங்களா டாக்டர்?"

இதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்காரர்கள் 2008இல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வயது 66 முதல் 85 வரை என்றால் 3, 86ம் அதற்கு மேலும் 4. ஆண் என்றால் 1. ஹீமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழ் 1. ஞாபகச் சோதனையில் பத்துக்கு ஆறு அல்லது குறைவு என்றால் 1. முதியோர் இல்லவாசி, புற்றுநோய், இரண்டோ அதற்கு மேலோ வேறு நோய்கள், இவற்றுக்குத் தலா 1. முதலில், முப்பது நாளுக்குள் இறந்துபோகும் ஆபத்தைக் கணக்கிடத்தான் செய்தார்கள். பிறகு 2011இல் அதே ஊர் ஆட்களை வைத்து ஒரு வருஷத்துக்கும் பார்த்தார்கள். 4 வரை வாங்கியவர்களில் நூற்றுக்கு 84 பேர் ஒரு வருஷம் கழித்தும் இருந்தார்கள். 5ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் சுமார் 55 பேர்தான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாட்டி வந்து படுத்தார். விழுந்து மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளும் வீட்டில் தைலம். கடைசியில் எலும்பு கட்டும் நாட்டு வைத்தியரான ஆசானை வரவழைத்திருக்கிறார்கள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவைத்தார். எங்களில் பலர் ஆசான்களைத் திட்டுவோம். அன்று நான் திட்டவில்லை.

ஆதாரில் பிறந்த வருஷம் 1942 என்று இருந்தது. அப்படியானால் 3. ரத்தம் 9.4, அதற்கு 1. பிரஷரைத் தவிர வேறு வியாதி இல்லை. மொத்தம் 4. சரி, நல்ல கூட்டம்.

ஞாபகச் சோதனையைப் பயிற்சி டாக்டர் பெண் எடுத்தாள். அதுவும் இங்கிலாந்துச் சரக்கு, 1972இல் வந்தது. இருபதிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னதற்குப் பாட்டி திக்காமல் எண்ணினார். சொல்லிக்கொடுத்த விலாசத்தையும் ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொன்னார். வயது? தெரியாது. பிறந்த தேதி? தெரியாது. முதல் உலகப் போர் எந்த வருஷம்? சிரித்தார். நாட்டை ஆள்வது யார்? மூலக் கேள்வியில் அரசர் பெயர்தான் கேட்க வேண்டும். நாங்கள் பிரதமர் என்று மாற்றி வைத்திருக்கிறோம்.

"பொன்னு தம்புரான்."

திருவிதாங்கூரை ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவைச் சொல்கிறார். அந்தப் பெண் பூஜ்யம் போட்டாள். பத்துக்கு ஆறு. ஒரு மதிப்பெண் ஏறியது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பொன்னு தம்புரான் காலத்தில் உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். "மார்த்தாண்டத்துல வெடி வச்ச அன்னைக்கு மூத்தவன் எனக்க இடுப்புல இருந்தான் மக்களே" என்றார். 1954 ஆகஸ்ட் 11, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்ட நாள். 1942இல் பிறந்தவர் என்றால் அன்றைக்கு அவருக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். இடுப்பில் பிள்ளை எப்படி? குறைந்தது ஐந்தாறு வருஷம் கூட்ட வேண்டும். 86ஐத் தாண்டிவிட்டார். இன்னொரு மதிப்பெண்.

ஆதாரை நம்பி, ஞாபகச் சோதனையை ஒதுக்கிவிட்டால் 4. பாட்டியை நம்பினால் வயதுக்கு ஏறும் ஒன்றோடு 5. அவர் பேச்சை நம்பிவிட்டு அவருடைய ஞாபகத்துக்கும் பூஜ்யம் போட்டால் 6. மூன்றும் ஒரே கட்டிலில் படுத்திருந்தன.

அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஆபரேஷன் முடிந்த மறுநாள் இவரைப் பிடித்து எழுப்ப யார் இருக்கிறார்கள்? இந்த வயதில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடைந்த எலும்பு இல்லை, படுக்கை. சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக் கட்டி, முதுகில் புண். மகன் கல்ஃபில். பேத்தி ஒருத்தி பரீட்சைப் புத்தகத்தோடு வெளியே நின்றாள். மகனுக்கு போனில் நான் ஒரு எண்ணையும் சொல்லவில்லை. "ஆபத்து உண்டு, ஆனா செய்யாம விட்டா அதைவிட ஆபத்து" என்றேன். முதுகில் ஊசி போட்டுச் செய்தோம். மறுநாள் பேத்தி தோளில் கை போட்டு வாக்கரில் நான்கு அடி. வலிக்கிறது என்று எங்கள் எல்லாரையும் ஏசினார். கேட்க நன்றாக இருந்தது.

தையல் பிரித்ததோடு போனவர்கள் திரும்ப வருவதில்லை. இங்கிலாந்தில் இந்த எலும்பு முறிவுக்கென்றே தேசியப் பதிவேடு உண்டு. எனக்கு ஜங்ஷனில் கட்டும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்தான் பதிவேடு. பஸ் நிற்கும்போதெல்லாம் முகங்களைப் பார்ப்பேன்.

அப்படித்தான் அந்த முகத்தையும் பார்த்தேன், ஆபரேஷன் முடிந்து பதினாலாவது மாசம். பெயருக்குக் கீழே வயது 89 என்று போட்டிருந்தார்கள்.