பள்ளித் தட்டில் ஊர்ச் சாப்பாடு

அந்தந்த ஊர்ப் பாரம்பரிய உணவைப் பள்ளியிலும் போட வேண்டும் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். சிக்கல் சமையலறையில்தான் ஆரம்பிக்கிறது. வீட்டில் நாலு பேருக்குப் பக்குவமாக வருவது, முந்நூறு பேருக்கு அண்டாவில் செய்யும்போது அடிப்பிடிக்கும், இல்லை பரிமாறுவதற்குள் இறுகிப்போகும். அதனால் சமைப்பவர்களைக் கேட்காமல் அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பொருள் எங்கிருந்து வரும்? பிரேசிலில் 2009-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது அது. வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே விவசாயி பழைய ரகத்தை விதைப்பார்! ஜப்பானில் 2005-ல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அங்கே பிள்ளைகளே பரிமாறுகிறார்கள்.

முதல் நாள் தட்டில் மிச்சம் வைப்பார்கள், அது சகஜம். புது ருசி பழகப் பத்துத் தடவைகூட ஆகலாம். ஒரே வாரத்தில் 'பசங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று நிறுத்திவிடுவது (பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் பொறுமை இல்லை) அவசர முடிவு. ஏற்கெனவே பிடித்த ஒன்றோடு, சின்னக் கரண்டி அளவில் வைத்துப் பாருங்கள்.