கும்பினிக் காகிதங்களோடு நெல்லைச் சீமையில் ஒரு சுற்று

கட்டபொம்மன் தடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சினிமா வசனத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அதிகாரிகள் தங்கள் கையாலேயே எழுதிவைத்ததைப் படித்துவிட்டுப் போனால் ஊர் வேறு மாதிரி தெரியும். வரலாறு எழுதிய ராபர்ட் ஓர்ம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், 1801 போரில் இருந்த படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் ஆகிய மூவர் எழுத்து போதும். மூவரும் கும்பினி ஆட்கள், யாரும் நம் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் இல்லை. அதனாலேயே இந்தச் சாட்சியத்துக்குக் கனம் கூடுகிறது.

சுற்றைக் காலவரிசைப்படி போடுவதானால் மேற்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் இருக்கிறது நெற்கட்டும்செவல், பூலித்தேவன் ஊர். இப்போது தென்காசி மாவட்டம். 1755ல் கும்பினிப் படைத் தலைவர் கர்னல் ஹெரோன் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் தண்டக் கிளம்பி இங்கே வந்து நின்றார். 20,000 ரூபாய் கேட்டார், கிடைக்கவில்லை, திரும்பிப் போனார். நினைவு மாளிகையில் இந்தப் பகுதி வீரக்கதையாக இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அதே படையெடுப்பில் அவருடைய படை மற்ற இடங்களில் செய்ததையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

திருநெல்வேலிக்கு வருவதற்கு முன்பே மதுரைக்குப் பக்கத்தில் கோயில்குடியில், அதாவது இன்றைய திருமோகூரில், கோயில் கதவில் வைக்கோலைக் குவித்துத் தீவைத்து உள்ளே புகுந்தார்கள். செப்புத் திருமேனிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஊரார் பணம் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள் என்பது கணக்கு. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் பாய்ந்து, ‘சாமி, சாமி’ என்று கூவியபடியே அந்தத் திருமேனிகளை மீட்டுக்கொண்டு போனதையும் ஓர்ம் விடாமல் பதிவு செய்கிறார்.

அதைவிடக் கொடியது நெல்லிக்கோட்டை. திருநெல்வேலிக்குத் தெற்கே நாற்பது மைல் என்கிறார் ஓர்ம். கப்பம் கட்டாத சிறு கோட்டை அது. உள்ளே நுழைந்த படை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டியது. 400 பேரில் உயிர் தப்பியவர்கள் 6 பேர். அதைச் செய்தவர்கள் ஒழுங்கு கெட்ட கூட்டம் இல்லை, திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் லாரன்ஸ் தலைமையில் போரிட்ட மிகத் துணிச்சலான ஆங்கிலேயர்கள் என்று வருத்தத்தோடு எழுதுகிறார் அவர். வீரம் இருக்கும் இடத்தில் கொடுமை இருக்காது என்ற பொது நம்பிக்கையை மனித இயல்பை அறிந்தவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றும் சேர்க்கிறார். கும்பினியின் சொந்த வரலாற்று ஆசிரியரே கூசிப்போன இடம் இது. அந்தக் காலத்து நியாயமே வேறு, இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்கலாமா என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த ஒரு பத்தியைக் காட்டினால் போதும். சூறையாடலையும் ஊரை மொத்தமாகத் தண்டிப்பதையும் தடுக்கும் ஹேக் போர் விதிகளின் 47, 50ஆம் பிரிவுகள் 1899ல்தான் வந்தன. வெட்கம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

ஹெரோன் சென்னையில் ராணுவ விசாரணைக்கு உட்பட்டுப் பதவியை இழந்தார். ஆனால் அவரை வீழ்த்தியது பணக் கையாடல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு நவாபின் அண்ணன் மாபூஸ்கானுக்குக் குத்தகைக்கு விட்ட விவகாரமெல்லாம் அந்தக் காலத்தில் நடந்ததுதான். வரி தண்டுவதற்கென்று அனுப்பிய படைக்கு வரவு குறைவதுதான் குற்றம். ஆள் குறைவது எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

அடுத்த நிறுத்தம் கயத்தாறு. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். ‘எண்ட் டு எண்ட்’ வண்டிகள் ஊருக்குள் வராது, நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி நிறுவிய சிலை நிற்கிறது. அரசு கட்டிய மணிமண்டபமும் உண்டு.

1799 அக்டோபர் 16 அன்று நடந்ததை மறுநாளே பானர்மேன் கடிதமாக எழுதினார். மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னால் தீர்ப்புச் சொன்னார். விசாரணை என்று ஒன்று நடந்தது. ஆனால் குற்றம் சாட்டியவர், விசாரித்தவர், தண்டித்தவர் மூவரும் ஒருவரே. உயிர்த்தண்டனை அதிகாரம் அவர் கையில் கொடுத்தே அனுப்பப்பட்டது. கைதி அஞ்சவில்லை, எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார், மரத்துக்கு நடக்கும்போது ஊமைத் தம்பியைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்று எழுதியதும் அதே பானர்மேன்தான். ஒரு மாதத்துக்கு முன், செப்டம்பர் 13 அன்று, நாகலாபுரத்தில் கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளையைத் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகி வைத்தார்கள்.

பிறகு வந்த கட்டளைதான் நீண்ட நாள் வேலை செய்தது. கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை, வேலும் துப்பாக்கியும் வைத்திருந்தால் மரணம். இதைத் தகட்டில் பொறித்துப் பாளையங்களில் வைக்கச் செய்தார்கள். காவல் காத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இது ஆயுதம் போன கதை மட்டுமில்லை, தொழிலும் போன கதை.

கயத்தாறிலிருந்து கடம்பூர், பசுவந்தனை, ஒட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகலாம். கடம்பூரில் போளி வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கெல்லாம் ஆராய்ச்சி தேவையில்லை. வழி முழுக்கக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. சக்கரம் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இந்த மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தால்தான், கட்டபொம்மனின் ஊமைத் தம்பி ஊமைத்துரை கும்பினியோடு நடத்திய 1801 போர் புரியும்.

இப்போது தெரியும் கோட்டை 1974ல் தமிழ்நாடு அரசு கட்டியது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் பலர். பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போங்கள். வெல்ஷ் தரும் அளவுகள்: நீளம் 500 அடி, அகலம் 300 அடி, மதில் உயரம் ஏறக்குறைய 12 அடி, சதுரமான சிறு கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி இல்லை. கல்லே இல்லாத மண்கோட்டை. பிசுபிசுப்பான இறுகிய மண் என்கிறார் அவர். கல்மதில் குண்டு பட்டால் பிளந்து சரியும். இந்த மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். ஏறி வந்தவர்களை உள்ளிருந்து 18, 20 அடி நீள வல்லயம் என்ற ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். 1801 மார்ச் 31 அன்று ஏறிய 120 ஐரோப்பியரில் காயமின்றித் திரும்பியவர்கள் 46 பேர்.

அந்தத் தோல்விக்கு இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரி 2 அன்று, ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். அம்மை பரவியதால் விலங்குகளைக் கழற்றியிருந்த நேரம். அன்றிரவு அதே ஊரில் கும்பினி அதிகாரி மெக்காலே வீட்டில் வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் இருபது பேர் விருந்தில் இருந்தார்கள். அவர்களை யாரும் தொடவில்லை, காவலர்களின் ஆயுதத்தை மட்டும் பறித்துக்கொண்டு போனார்கள். பிறகு தூத்துக்குடி பிடிபட்டபோதும் அங்கிருந்த ஆங்கில அதிகாரியை உயிரோடு விட்டார்கள். நெல்லிக்கோட்டையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மே 24ல் கும்பினித் தளபதி அக்னியூ கோட்டையைப் பிடித்தார். வெளியேறி ஓடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. விழுந்து கிடந்த மகனைத் தேடி வந்த தாயிடம், ‘என்னை விடு, சாமியைக் காப்பாற்று’ என்று அவன் ஊமைத்துரையைக் காட்டியதாக வெல்ஷ் எழுதுகிறார். எதிரி முகாமில் இருந்துகொண்டு இதைக் கேட்டறிந்து எழுதியிருக்கிறார் மனிதர். கோட்டையை இடித்து, நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப் பெயரையே ஏடுகளிலிருந்து நீக்கினார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையை அங்கேயே தூக்கிலிட்டார்கள்.

இதில் ஒரு பங்கு நம்மவர்களுக்கும் உண்டு. கும்பினிப் படையில் பெரும்பாலோர் சிப்பாய்கள், இந்த நாட்டு ஆட்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றது எட்டயபுரம். அந்நியன் ஒருவனே ஆண்டுவிட முடியாது, அண்டை வீட்டுக்காரனைக் கூலிக்கோ பகைக்கோ கூட்டிக்கொண்டுதான் ஆள்வான். மணிமண்டபங்களில் இதை எட்டப்பன் என்ற ஒரே பெயரில் முடித்துவிடுகிறார்கள். அது சௌகரியமான முடிப்பு.

கடைசி நிறுத்தம் தூத்துக்குடி, பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். 1802 பிப்ரவரியில், அந்தப் போரில் பிடிபட்ட 73 பேரை விலங்கிட்டு இங்கிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், அப்போது சிறுவன். அவனைக் காவல் காத்த வெல்ஷ் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். 1818ல் பினாங்கில் கிழவனைப் போலத் தளர்ந்த ஒருவர் அவர் முன்னால் வந்து நின்று பெயர் சொன்னார், துரைசாமி என்று. நெஞ்சில் கத்தி பாய்ந்தது போலிருந்தது என்கிறார் வெல்ஷ். வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று, ஊரில் மிஞ்சிய உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். கடிதம் வாங்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. வெல்ஷ் வாங்கவில்லை.

பழைய துறைமுகப் பக்கம் மாலையில் போவது நல்லது, பகல் வெயில் தாங்காது. திருநெல்வேலி திரும்ப இரவிலும் பேருந்து உண்டு.