நிர்வாக இயக்குநரின் ஊதியமும் சிறு பங்குதாரரின் வாக்கும்

நான் பங்கு வைத்திருக்கும் நடுத்தர மென்பொருள் நிறுவனம் ஒன்று சில ஆண்டுகளாகத் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விலகிய பிறகு விற்பனை சுருங்கியது. லாபம் பெயரளவுக்கே மிஞ்சியது. அந்நிலையில் வந்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் இரண்டு தீர்மானங்கள் அடுத்தடுத்து இருந்தன: நிர்வாக இயக்குநரை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நியமிப்பது ஒன்று, லாபம் போதாத ஆண்டுகளிலும் அவருக்குச் சட்ட வரம்பைத் தாண்டிய ஊதியம் வழங்குவது மற்றொன்று.

முதலாவது சாதாரணத் தீர்மானம். பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் நிறைவேறிவிடும். இரண்டாவது அப்படியல்ல. லாபம் போதாதபோது, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நிறுவனத்தின் மூலதனத்தைக் கொண்டு ஊதியத்துக்கு வரம்பு கட்டுகிறது. அதைத் தாண்டுவதற்குப் பதிவான வாக்குகளில் 75 சதவீத ஆதரவுள்ள சிறப்புத் தீர்மானம் வேண்டும். நிறுவனர் குடும்பத்திடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருந்ததால், மற்றவர்களின் வாக்குக்கு இங்கேதான் பலம் என்று எனக்குப் பட்டது. நல்ல லாபத்தில் இருந்த வாகன நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸிலேயே, 2021 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனத்தையும் ஊதியத்தையும் ஒன்றாகச் சேர்த்த சிறப்புத் தீர்மானம், ஏறத்தாழ 73 சதவீத ஆதரவு இருந்தும், அவரது ஊதியத்தின் மீதான அதிருப்தியால் தோற்றது.

வாக்களிக்கும் முன் ஆண்டறிக்கையைப் படித்தேன். தலைவரின் கடிதம் அமெரிக்கச் சந்தையின் மந்தத்தையே காரணமாகச் சொன்னது. ஆனால் கணக்குகளின் பின்குறிப்பில், வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகையை நிலுவைக் காலவாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியலில், ஓராண்டுக்கு மேல் வசூலாகாத பணம் கணிசமாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் பணத்தை வசூலிக்காமல் இருப்பதற்குச் சந்தையைக் குறைசொல்ல முடியாது; அது நிர்வாகத்தின் வேலை. ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல (எல்லோருடைய ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) நிர்வாக இயக்குநரின் ஊதியம் எத்தனை மடங்கு என்பதையும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். விற்பனை குறைந்த ஆண்டிலும் அந்த மடங்கு உயர்ந்திருந்தது.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வழியாக, இணையத்தில் வாக்களிக்கும் இ-வோட்டிங் தளத்துக்குள் நுழைந்து, ஓடிபி கொடுத்து வாக்களிப்பது எளிது. கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு அது முடிந்துவிடும். பதிவு செய்த வாக்கை மாற்றவும் முடியாது. நியமனத்துக்கு ஆதரவாகவும் ஊதியத்துக்கு எதிராகவும் வாக்களித்தேன். அவருக்குப் பதிலாக வரக்கூடியவர் எவரும் இயக்குநர் குழுவில் என் கண்ணுக்குத் தென்படவில்லை. தலைமையற்ற நிறுவனம் இன்னும் வேகமாகச் சரியும் என்று அஞ்சினேன்.

வாக்களித்தவர்களும் கூட்டத்தில் பேசலாம் என்பதால், பேச்சாளராக முன்பதிவு செய்து, நிலுவை பற்றிய கேள்வியை மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். காணொலிக் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்களில் பலர் ஆண்டறிக்கையின் அச்சு நேர்த்தியைப் பாராட்டி, வாழ்த்துச் சொல்லி முடித்தார்கள். எல்லாக் கேள்விகளையும் சேர்த்துக் கடைசியில் பதிலளித்த தலைவர், நிலுவையை 'உன்னிப்பாகக் கண்காணித்து வருகிறோம்' என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

வாக்கு முடிவை இரண்டு வேலை நாட்களுக்குள் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையில் புரமோட்டர்கள் (இங்கே நிறுவனர் குடும்பம்), நிதி நிறுவனங்கள், மற்றவர்கள் என வாக்குகள் தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தன. நியமனம் நிறைவேறியது, ஊதியத் தீர்மானம் தோற்றது. அதைத் தோற்கடித்தவை பெரும்பாலும் மியூச்சுவல் ஃபண்டு போன்ற நிதி நிறுவனங்களின் வாக்குகள். என்னைப் போன்ற தனிநபர்களில் மிகச் சிலரே வாக்களித்திருந்தார்கள். மற்றவர்கள் அறிவிப்பைத் திறந்து பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

அவரது ஊதியம் ஐந்தாம் அட்டவணையின் வரம்புக்குள் இருக்கும் என்று நிறுவனம் பிறகு அறிவித்தது. பழைய நிலுவை வசூலாகிறதா என்பதைக் காலாண்டு முடிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையுடன் வரும் அரையாண்டுக் கணக்குக்காகக் காத்திருக்கிறேன்.