உப்புத் தண்ணீரில் வாலிஸ்நேரியா

2024 பிப்ரவரி 11, ஞாயிறு
திருநகரில் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது; வாளி விளிம்பெல்லாம் வெள்ளை படியும். மீன்தொட்டிக்கும் அதே தண்ணீர்தான். அதற்கேற்ற செடி வாலிஸ்நேரியா. கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். கரியமில வாயு உருளை வாங்கி வைக்கத் தேவையில்லை. மணலில் வேரை மட்டும் புதைத்தேன். இலைகள் கிளம்பும் வெளிறிய கழுத்து மணலுக்குள் போனால் அழுகிவிடும்.

பிப்ரவரி 25
பழைய இலைகள் மெலிந்து கரைகின்றன. "அப்பா, செத்துவிட்டதா?" என்று மகள் பதறினாள். இடம் மாறினால் இப்படித்தான் இலையை உதிர்க்கும். நடுக்குருத்து விறைப்பாக நிற்கிறது, அது போதும். அழுகியதை மட்டும் கிள்ளி எடுத்தேன். பாசியைக் கொல்ல விற்கும் குளூட்டரால்டிஹைடு திரவத்தை மட்டும் இது தாங்காது.

மார்ச் 17
ஓடுதண்டு விட்டுவிட்டது! தாய்ச்செடியின் அடியிலிருந்து துடைப்பக்குச்சி கனத்தில் ஒரு வெள்ளைத் தண்டு மணலை ஒட்டியே ஓடி, நுனியில் நான்கு குட்டி இலைகளை நிமிர்த்தியிருக்கிறது. அந்தக் குட்டி சரியாக வேர் பிடிக்கும் முன்பே அதிலிருந்து அடுத்த தண்டு கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 23
அழகர் வைகையில் எழுந்தருளியதைத் தரிசித்துவிட்டு வெயிலோடு வீடு திரும்பினோம். தொட்டி நீரின் வெப்பம் 31 டிகிரி. கப்பி மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன, காற்றுக்குழாயைக் கூட்டிவைத்தேன். செடி அசரவில்லை. இலைமேல் பொருக்கு கட்டியிருக்கிறது, தடவினால் நறநறக்கிறது. பைகார்பனேட்டை உறிஞ்சும்போது படியும் சுண்ணாம்பு அது.

மே 19
பூத்திருக்கிறது. தலைமுடி போன்ற காம்பு ஒன்று சுருண்டு சுருண்டு நீர்மட்டம் வரை ஏறி, அங்கே ஒரு வெள்ளைப் பூவை மிதக்கவிட்டிருக்கிறது. பூ இருக்கும் இடத்தில் மட்டும் நீரின் மேற்பரப்பு லேசாகக் குழிகிறது. இது பெண் பூ. ஆண் பூக்கள் வேறொரு செடியின் அடியில் உருவாகி, அறுபட்டு மேலே வந்து, மிதந்தே பெண் பூவைச் சேர வேண்டும். கருவுற்றபின் காம்பு சுருங்கிக் காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். எங்கள் தொட்டியில் அது நடக்காது. எல்லாமே ஒரே தாயின் ஓடுதண்டில் வந்தவை, எல்லாமே பெண். மகளுக்கு இதில் மிகுந்த வருத்தம். எனக்கும்தான்.

ஜூன் 9
அடிமணலுக்கு வெளிச்சமே இறங்கவில்லை. பின்கண்ணாடி ஓரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கினேன். எதிர்வீட்டு அண்ணன் ஒரு வாளி நிறைய வாங்கிக்கொண்டார். "மிச்சத்தைக் கண்மாயில் விட்டுவிடலாமா தம்பி?" என்றார். "வேண்டவே வேண்டாம் அண்ணே" என்றேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை வைகையை மூடிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறோம். கடைச் செடியோடு அயல் நத்தையும் பாசியும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். மிச்சத்தை மொட்டைமாடியில் பரப்பியிருக்கிறேன். சருகாகக் காய்ந்ததும் மல்லிகைச் செடிக்கு உரமாகப் போட வேண்டும்.