பெரியப்பா சொல்ற கோவில்பட்டியும் அத்தை சொல்ற கோவில்பட்டியும்

எங்க ஊர் பெருசுகள்ட்ட ஒரு நியூஸ் கேட்டுப் பாருங்க, அந்த நியூஸ் மட்டும் தனியா வராது, கூடவே அம்பது வருசத்துப் பழைய கதை ஒண்ணும் சேந்து வரும். தக்காளி வெலைய சொல்ல ஆரம்பிச்சா பழைய சந்தைக்குப் போயிருவாங்க, ரெண்டாவது லைன் போட்டதுக்கப்புறம் ரயில் சீக்கிரம் வருதுன்னு ஆரம்பிச்சா கரி இஞ்சின் காலத்துல கண்ணுல தூசி விழுந்ததுல போயி நிக்கும். சென்னைல இருந்து லீவுக்குப் போற எனக்கு டிவி எல்லாம் தேவையே இல்ல. சாயங்காலம் பெரியப்பா செட்டு தெருமுக்குல ஒக்காந்துரும், பூட்டிக் கெடக்குற ஒரு கடையோட திண்ணைதான் அவங்க ஆபீஸ். பேப்பர் ஒண்ணு, அத அஞ்சாறு பேர் ஷீட் ஷீட்டா பிரிச்சு வச்சுக்கிட்டு படிக்கிறதும் கமெண்ட் அடிக்கிறதும்.

இந்தத் தடவ மெயின் நியூஸ் காட்டுப்பன்னி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் மக்காச்சோளத்த பன்னி வந்து உருட்டிட்டுப் போயிருதுன்னு வெவசாயிங்க மனு குடுக்குறது நடந்துக்கிட்டே இருக்கு. பெரியப்பா கூட்டாளி ஒருத்தர், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவர், "பன்னிய ஏன்வே சொல்றீரு, கம்பும் பருத்தியும் போட்ட காட்டுல மக்காச்சோளத்த போட்டது யாரு, பன்னியா போட்டுச்சு"ன்னு கேக்க, அங்க இருந்து பேச்சு புரட்டாசி வெதப்புக்குப் போயிருச்சு. எங்க மண்ணு கரிசல், கொளத்துப் பாசனம்லாம் ரொம்பக் கம்மி, வடகெழக்குப் பருவமழைய நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் வெதைச்சுட்டு வானத்த பாத்துக்கிட்டு இருக்குற ஊரு. அந்த மண்ணு காஞ்சா கால் நொழையிற அளவுக்கு வெடிப்பு விடும், நனைஞ்சா செருப்போட ஒட்டி ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கிலோ ஏறும். சைக்கிள்ல போனா மட்கார்டுக்குள்ள மண்ணு பொதிஞ்சு சக்கரம் சுத்தாது, எறங்கி குச்சிய விட்டுக் கிண்டிட்டு, திரும்ப பத்தடி ஓட்டிட்டு, திரும்ப எறங்கி... கடைசில சைக்கிள தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவங்கதான் அங்க இருந்த அத்தன பேரும். இதச் சொல்லும்போது அவங்களுக்கு வர்ற சிரிப்பு இருக்கே, அப்பப் பட்ட பாடு ஒண்ணுமே ஞாபகம் இல்லாத மாதிரி.

மழைன்னு வந்தா 2023 டிசம்பர் வராம இருக்காது. 17, 18 தேதில தூத்துக்குடி மாவட்டமே முங்குனது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல இருந்து கெளம்புன ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நூத்துக்கணக்கான ஜனத்தோட மாட்டிக்கிட்டது, இதெல்லாம் இப்பவும் நேத்து நடந்த மாதிரிதான் பேசுறாங்க. ஒரு காலத்துல நல்ல தண்ணிக்கு கொடம் கொடமா வரிசைல வச்சுட்டு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்த ஊர்ல தண்ணியப் பாத்துப் பயந்துட்டோம்னு பெரியப்பா சொன்னாரு. தாமிரபரணி தண்ணி சீவலப்பேரில இருந்து குழாய்ல வந்தும் பத்து நாளைக்கு ஒருக்கதான் வீட்டுக்கு வரும்ங்கிறது எனக்கே தெரிஞ்ச கதை.

அப்புறம் ஹாக்கி. வெளியூர்க்காரங்களுக்கு கோவில்பட்டின்னா கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் தெரியும், ஆனா எங்க ஆம்பளைகள்ட்ட ஹாக்கிய தொட்டீங்கன்னா ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்க மாட்டாங்க. வேலிக்கருவ மரத்துல வளைஞ்ச கொம்பா பாத்து வெட்டி அத வச்சு கட்டாந்தரைல ஆடுனது, மொழங்கால் சிராய்ப்பு, மில் சங்கு ஊதுனதும் பாதி டீம் ஷிப்டுக்கு ஓடுனது. இப்ப கிருஷ்ணா நகர்ல செயற்கைப் புல் மைதானமே இருக்கு, லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு பூரா இருந்து டீம் வருது. 2022ல ஜகார்த்தால நடந்த ஆசியக் கோப்பைல இந்தியா வெண்கலம் எடுத்தப்ப அந்த டீம்ல மாரீஸ்வரன், கார்த்தின்னு ரெண்டு பேரு, ரெண்டும் கோவில்பட்டி விளையாட்டு விடுதில வளந்த பசங்க. மாரீஸ்வரன் எங்க ஊருதான், கார்த்தி அரியலூரு, ஆனா திண்ணைல யாரும் அரியலூர்னு ஒத்துக்க மாட்டாங்க.

இதெல்லாம் நான் சின்ன வயசுல இருந்து கேட்ட கோவில்பட்டி. வெளையாட்டு, சினிமா, சைக்கிள், மழை, சந்தை. கேக்கவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா வீட்டுக்குள்ள போனா வேற ஒரு கோவில்பட்டி இருக்கு, அத யாரும் தெருமுக்குல ஒக்காந்து சொல்லல, அரிசி பொடைக்கும்போதும் பூண்டு உரிக்கும்போதும் துண்டு துண்டா வந்து விழும்.

அத்தைதான் ஆரம்பிச்சது. நான் திண்ணைக் கதைய எல்லாம் ஆர்வமா வந்து சொல்லிக்கிட்டு இருந்தேன், தீப்பெட்டிப் படத்த வச்சு பெரியப்பா வெளையாடுவாராமேன்னு. அந்தக் காலத்துப் பயலுகளுக்கு அதுதான் சீட்டுக்கட்டு, அணிலு, மயிலு, சாவின்னு விதவிதமா படம் சேத்து வச்சு தரையில தட்டி செயிப்பாங்க. அத்தை பூண்ட உரிச்சுக்கிட்டே, "அந்தப் படத்த குரோஸ் கணக்குல ஒட்டுனவ நானு. ஒங்க பெரியப்பன் நாலு படத்த களவாண்டுட்டுப் போயிருவான், ஆபீஸ்ல படம் கொறையிதுன்னு என் கூலில பிடிப்பாங்க"ன்னுச்சு. ஒரே வீடு, ஒரே வருசம், அண்ணனும் தங்கச்சியும்!

ஒரு குரோஸ்னா 144 பெட்டி. தீப்பெட்டி ஆபீஸ்னா ஃபாக்டரிதான், அங்க இருந்து சக்கையும், அதாவது மெல்லிசா சீவுன மரத்தகடு, நீலக் காகிதமும் கட்டுக் கட்டா வீட்டுக்கு வரும், கூடவே பசைக்கு மாவு. அத நம்ம காச்சிக்கணும், எலி கரப்பான் வாய் வைக்காம இருக்க மயில்துத்தம் கலந்துருப்பாங்க. அத்தை செஞ்சே காட்டுச்சு. கோடு கிழிச்ச சக்கைய ஒரு மடக்கு, நாலு பக்கமும் நிக்கும், பசை தடவுன காகிதத்த சுத்தி ஒரு இழுப்பு, அடிய மடக்கி கட்டவெரலால ஒரு அமுக்கு, தூக்கி வெயில்ல போடு, அடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒக்காந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும் இதுதான். கூலி காசு கணக்குதான், ரூவாய்க்கு ஏற எத்தனையோ குரோஸ் ஆகணும். மழை வந்தா எல்லாரும் சந்தோசப்படுற ஊர்ல அத்தைக்கு மட்டும் மழைன்னா எரிச்சல், பெட்டி காயாது, காயாத பெட்டிய ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. கரிசல் மண்ணு சைக்கிள் சிரிப்பு எதுவும் அத்தைக்கு இல்ல. எனக்கு இதக் கேட்டப்புறம் திண்ணைக் கதை மேல கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது.

பெரியம்மா கதை இன்னும் கஷ்டம். அவங்க கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமம். விடியக்காலம் மூணு மூணரைக்கெல்லாம் ஆபீஸ் பஸ்சு வந்து ஊர் வாசல்ல ஹாரன் அடிக்கும், சின்னப் புள்ளைகள தூக்கத்துலயே தூக்கிட்டு வந்து ஏத்தி விடுவாங்க, தூக்குவாளில பழைய சோறு. ஏஜென்ட்டுகிட்ட அப்பா அட்வான்ஸ் வாங்கியிருந்தா ஒரு நாள் கூட மட்டம் போட முடியாது. அங்க போயி கட்டை அடுக்குறது, குச்சிய வரிசையா சட்டத்துல அடுக்கி குடுத்தாதான் அத மருந்துல முக்குவாங்க. பொழுது சாஞ்சு திரும்ப பஸ்ல ஏறுனா வீட்டுக்கு வர்றதுக்குள்ள தூக்கம். "ஊரு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது, நான் பாத்தப்பல்லாம் இருட்டாத்தான் இருக்கும்"னு சாதாரணமா சொல்லிட்டு பருப்பு வேகுதான்னு பாக்கப் போயிட்டாங்க. 1986ல கொழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் அந்த பஸ் ஓடுச்சுன்னு அத்தை சொல்லுது. இப்ப பெட்டியெல்லாம் அட்டைல மெஷின்ல வருது, சின்னப் புள்ளைக யாரும் வேலைக்குப் போறதில்ல, ஊர்ல இன்ஜினியர் இல்லாத தெரு இல்ல.

ரெண்டு கோவில்பட்டியும் ஒரே எடத்துல மோதுனது தீப்பெட்டி வெலைல. இது கொஞ்சம் பழைய நியூஸ்தான், ஆனா எங்க வீட்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 1995ல 50 காசு, 2007ல ஒரு ரூவா, அப்புறம் 14 வருசம் ஏறவே இல்ல, 2021 டிசம்பர் 1ல இருந்து ரெண்டு ரூவா. பெரியப்பா இத ஒரு பட்ஜெட் உரை மாதிரியே சொல்லுவாரு, 14 மூலப்பொருள் வெல ஏறிப்போச்சு, செவப்பு பாஸ்பரஸ் மட்டும் கிலோ 425 ரூவால இருந்து 810, மெழுகு ஏறிப்போச்சு, அட்டை ஏறிப்போச்சு, ஜி.எஸ்.டி. அப்ப 12 சதவீதம், இதுல சைனா லைட்டர் வேற, ஒரு லைட்டர் வித்தா இருவது தீப்பெட்டி போச்சு, 2023 ஜூன்ல 20 ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டர் எறக்குமதிக்குத் தடை போட்டும் நிக்கலன்னு. எல்லாம் சரியான பாயின்ட்டுதான், நான் மறுக்கல. பெரியம்மா சோத்த போட்டுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "பெட்டி ரெண்டு ரூவா ஆச்சு, சரி. 50 காசு ஒரு ரூவா ஆனப்ப எங்களுக்கு இரட்டிப்பா குடுத்தானா?" பெரியப்பா ரசம் கேட்டாரு.

கடலைமிட்டாய் விசயத்துல மட்டும் சண்டை கெடையாது. புவிசார் குறியீடு கெடச்சது 2020 ஏப்ரல் 30, ஊரே லாக்டவுன்ல மூடிக் கெடக்கு, கொண்டாடக்கூட கடை தெறக்கல, வாட்ஸ்அப்ல மட்டும் வாழ்த்து பறந்துச்சு. வெல்லப் பாகுல நெலக்கடலைய போட்டுக் கெளறி பலகைல கொட்டி உருட்டுக் கட்டையால தேச்சு சூடு ஆறுறதுக்குள்ள வெட்டணும், மேல தேங்காத் துருவல் ரோஸ், பச்சை, மஞ்சள்னு தூவுனாத்தான் எங்க ஊர் மிட்டாய். பாகு பதம் தப்புனா பல்லு போயிரும். இப்ப நெறைய ஊர்ல பாக்கெட்டுல "கோவில்பட்டி"ன்னு போட்டு விக்கிறான், அது சவசவன்னு இருந்தா எங்க ஊர திட்டாதீங்க.

சரி, இதுல நான் பண்ண காரியம் ஒண்ணு இருக்கு. அத்தை பெட்டி மடக்கிக் காட்டுனப்ப அத வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டு விட்டேன். பெரியம்மா பாத்துட்டு, "ஏட்டி, இம்புட்டு மெதுவாவா ஒட்டுன, இதுக்கு ஆபீஸ்ல நிக்க விட மாட்டான்"னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டாங்க. அத்தை விடுமா, "மதினி, நீங்க கட்டை அடுக்குனவங்க, பெட்டி ஒட்டுறதப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்"னு பதிலுக்கு ஒரு வாய்ஸ். யாரு வேகம்னு பஞ்சாயத்து, நாலு நாளா குரூப்ல தூங்க விடல. பெரியப்பா நடுவுல பூந்து 1972ல ஆடுன ஒரு ஹாக்கி மேட்ச் கதைய டைப் பண்ணாரு, ஒருத்தரும் ரிப்ளை பண்ணல. பொங்கலுக்குப் போகும்போது ரெண்டு கட்டு அட்டையும் ஒரு டப்பா பசையும் வாங்கிட்டுப் போறதா சொல்லியிருக்கேன், போட்டி வச்சுரலாம். ஜட்ஜா பெரியப்பா வேண்டாம்னு ரெண்டு பேருமே இப்பவே சொல்லிட்டாங்க.