கல்கிசையில் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

கடந்த தை மாதம் என் சின்னக்காவின் மகளுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் திருமணம் நடந்தது. கனடாவிலிருந்து பெரியக்காவும் அத்தானும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் போனோம். சின்னக்காவின் அடுக்குமாடி வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கே இடம் போதாது என்பதால், ஐந்து இரவுகளுக்கு இரண்டு அறைகள் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு இடம் பார் தம்பி." பருத்தித்துறையில் பிறந்து, அலைச்சத்தம் கேட்டு வளர்ந்த அவருக்கு 78 வயதில் இருந்த ஒரே ஆசை அது. இரவொன்றுக்கு ஓர் அறைக்கு 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது எங்களுடைய கணக்கு.

வெள்ளவத்தையிலேயே தேடாதது ஏன் என்று உறவினர் பலர் கேட்டார்கள். அங்கே தமிழ்க் கடைகளும் கோயில்களும் காலடியில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மரைன் டிரைவ் வீதிக்கு அப்பால் தண்டவாளமும் பாறைகளும் அலையுமாக இருக்கிறதே தவிர, காலாற நடந்து போய் உட்காரத்தக்க மணற்கரை பெரிதாக இல்லை. காலிமுகத்திடலை ஒட்டிய பெரிய ஹோட்டல்களோ எங்கள் கைக்கு எட்டாதவை. நீர்கொழும்பில் நல்ல கரையும் நடுத்தர விலையும் உண்டு, ஆனால் அது நகரின் மறுபுறம்; திருமண வீட்டுக்கும் அங்குமாக அலைவது முடியாத காரியம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே நாலைந்து கிலோமீற்றரில் கல்கிசை, அதாவது மவுண்ட் லவினியா, வருகிறது. கொழும்போடு ஒட்டிக் கிடந்தாலும், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுக்குள் நுழைந்துவிட்டால் வாகன இரைச்சல் அடங்கிவிடும். மரங்களும் பழைய மதில்களும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. குன்றின் மேல் இருக்கும் புகழ்பெற்ற பழைய ஹோட்டல், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் தமக்காகக் கட்டிய வீட்டிலிருந்து வளர்ந்தது. அங்கே ஒரு மாலை தேநீர் குடிக்கலாம். ஐந்து இரவு தங்குவதற்கு அதன் நிழலில் உள்ள நடுத்தர ஹோட்டல்களே எங்களுக்கு ஏற்றவை.

ஆனால் கல்கிசையில் "கடற்கரை ஹோட்டல்" என்ற சொல்லை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்திய ஜூன் மாதம் அம்மாவின் கண் சத்திர சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்தபோது, படங்களை மட்டும் பார்த்து, கடலோரத்தில் ஓர் அறையை முன்பதிவு செய்திருந்தேன். வாசல் வரை வாகனம் வரும் என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார்கள். இரவு எட்டு மணிக்கு, மழைக்குள், முச்சக்கர வண்டி ஒழுங்கையின் முடிவில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இரட்டைத் தண்டவாளம்; ஹோட்டலின் விளக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்தது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த அம்மாவின் கையை மனைவி பிடிக்க, நான் பைகளைத் தூக்கிக்கொண்டு கைத்தொலைபேசி வெளிச்சத்தில், நனைந்து வழுக்கும் சல்லிக் கற்களின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்துக் கடந்தோம். மறுபக்கம் ஏறி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தெற்கே போகும் ரயில் ஊதிக்கொண்டு வந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. என் சட்டையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஹோட்டலில் அறை சுத்தமாகத்தான் இருந்தது, ஊழியர்களும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். எனினும் ஒரு முதியவர் தினமும் இருமுறை தண்டவாளம் கடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது பெரிய தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் செல்லும் கரையோர ரயில்பாதை 1895 ஆம் ஆண்டளவில் முழுமையடைந்தது. அது கடலை விட்டு விலகாமல் ஓடுவதால், கல்கிசையில் தங்குமிடங்கள் இரண்டு சாதியாகப் பிரிந்துவிடுகின்றன. பாதைக்கும் மணலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பட்டையில் இருப்பவை ஒரு வகை. அவற்றில் படியிறங்கினால் காலில் மணல் படும், ஆனால் நகருக்குள் போகவும் வரவும் பாதையைக் கடந்தே ஆக வேண்டும். பாதைக்கு நிலப்பக்கம் இருப்பவை மற்றது. வாகனம் வாசலில் நிற்கும், கடலுக்குப் போகும்போது மட்டும் கடக்க வேண்டும். பகல் முழுவதும் மணலில் கிடக்க விரும்பும் இளையவர்களுக்கு முதல் வகையே சிறந்தது. தினமும் சேலை உடுத்துத் திருமண வீட்டுக்குப் போய்வர வேண்டிய எங்கள் குடும்பத்துக்கு, கடலுக்கு ஐம்பது மீற்றர் பின்னால் தள்ளியிருப்பதுதான் நல்லது என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

மார்கழியில் திருமண மண்டப வேலையாகக் கொழும்புக்கு வந்திருந்தபோது ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஹோட்டல் வீதியிலும் டி சேரம் வீதியிலும் அவற்றை அடுத்த ஒழுங்கைகளிலும் நடந்து நான்கு இடங்களைப் பார்த்தேன். பிற்பகலில் போனது வேண்டுமென்றேதான். இந்தக் கரை மேற்கு நோக்கியது. கடலைப் பார்க்கும் அறை எதுவானாலும் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராக உள்ளே விழும். காலையில் பார்த்தால் குளுகுளுவென்றிருக்கும் அறை, நான்கு மணிக்கு அடுப்பாகிவிடும். முதலாவது இடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சுவரில் கை வைத்தால் சுட்டது. இரண்டாவது இடத்தில் "கடல் காட்சி" என்று பெயரிட்ட அறையில் கட்டில் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் இரு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் நீலம் தெரிந்தது.

மூன்றாவது இடத்தில் எல்லாம் பிடித்திருந்தது, ரயில் வரும் வரை. மேசையில் இருந்த கண்ணாடிக் குவளையில் தண்ணீர் அரைவாசி இருந்தது. தூரத்தில் ஊதல் கேட்பதற்கு முன்பே அந்தத் தண்ணீரின் முகத்தில் மெல்லிய வட்டங்கள் எழுந்தன. பிறகு குவளை தட்டில் உரசி ஒலித்தது. பிறகு சன்னல் கண்ணாடி அதிர, டீசல் எஞ்சின் அறைக்குள்ளேயே நுழைவதுபோல் கடந்து சென்றது. விடிகாலை இருட்டிலேயே அலுவலக ரயில்கள் ஓடத் தொடங்கும் பாதை இது. கடலோரத்தில் அறை எடுத்துவிட்டு அலைச்சத்தத்துக்குப் பதிலாக அதிர்வைக் கேட்டுப் படுத்திருக்க அம்மாவால் முடியாது.

நான்காவது ஹோட்டல் பாதையிலிருந்து ஏறக்குறைய அறுபது மீற்றர் தள்ளி, ஒரு பெரிய வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது. வரவேற்பு மேசையில் பதுளையைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். விலையைக் கேட்டதும், "சேர், முதல்ல மேல போய் அறையைப் பாருங்க, பிறகு பேசலாம்" என்று சாவியைக் கையில் தந்துவிட்டார். அப்படிச் சொல்லும் இடத்தின் மேல் எனக்கு உடனே மதிப்பு உண்டாகிவிடும். இரண்டாம் மாடியின் தெற்கு மூலையில், தண்டவாளத்துக்கு மேலாகப் பார்வை போய்க் கடலில் முட்டியது. பல்கனிக்கு மேல் அகலமான தாழ்வாரம் இறக்கியிருந்ததால் வெயில் வாசலோடு நின்றது. கைப்பிடிக் கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். உப்பு ஒட்டியது, துரு இல்லை. கடலோரக் கட்டடத்தில் நான் முதலில் பார்ப்பது கம்பியையும் சன்னல் கீலையும் ஏசியின் வெளிப்பெட்டியையும்தான். உப்புக்காற்று இரும்பை ஓரிரு வருடத்தில் தின்றுவிடும். கீல் துருவேறி இறுகிக் கிடந்தால் அந்த உரிமையாளர் வேறெதையும் பராமரிக்கவில்லை என்று கொள்ளலாம். அலுமாரிக்குள் தலையை நுழைத்து முகர்ந்தேன், பூஞ்சண வாடை இல்லை. குளியலறையில் சுடுநீர் வர எத்தனை நேரமாகிறது என்று பார்த்தேன். மின்தூக்கி உண்டா, மின்வெட்டு வந்தால் மின்பிறப்பாக்கி அதையும் இயக்குமா என்று கேட்டேன். இயக்கும் என்று மட்டும் சொல்லாமல், இயக்கியே காட்டினார்.

விலையைப் பற்றி ஒரு விடயம். சொல்லப்படும் தொகை பெரும்பாலும் கடைசித் தொகை அல்ல. 20,000 ரூபாய் என்றால் 10 வீத சேவைக் கட்டணத்தோடு 22,000. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள வற் எனும் பெறுமதி சேர் வரியை அதன்மேல் போட்டால் 25,960. ஆகவே "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கு வசிப்பவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் பல ஹோட்டல்களில் வெவ்வேறு கட்டணம் உண்டு. பெரியக்காவின் அறைக்கு எது பொருந்தும் என்பதையும் அன்றே பேசி முடித்தேன். மண்டபம் உள்ள ஹோட்டலானால் எங்கள் தேதிகளில் வேறு திருமண விருந்து இருக்கிறதா என்றும் கேட்பது அவசியம், நள்ளிரவு வரை ஒலிபெருக்கி ஓடும்.

பருவத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் நாங்கள் பார்த்த கடல் சேற்று நிறத்தில், கரையைக் குடைந்துகொண்டிருந்தது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றில் இந்தக் கரை அப்படித்தான் இருக்கும், குளிக்க இறங்குவது ஆபத்து. தை, மாசியில் அதே கடல் தெளிந்து அடங்கிவிடும். மணலின் அகலமும் மாறிக்கொண்டே இருக்கும். 2020 ஆம் ஆண்டில் கடலடி மணலைக் கொண்டுவந்து கல்கிசைக் கரையை அகலப்படுத்தினார்கள். பருவக்காற்று தொடங்கியதும் அது அடித்துச் செல்லப்படுகிறது என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. ஹோட்டல் படத்தில் தெரியும் பரந்த மணல் எந்த மாதத்து மணல் என்று கேட்பது அதனால் நியாயமான கேள்விதான். நல்ல பருவத்திலும் நீரோட்டம் இழுக்கும் இடங்கள் உண்டு. பொலிஸ் உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குமாறு அத்தானிடம் சொல்லிவைத்தேன்.

சாப்பாட்டில்தான் சிறிது குறை இருந்தது. அம்மா சைவம், ஹோட்டலின் காலை உணவில் பாணும் பழமும் பருப்புக் கறியுமே அவருக்கு மிஞ்சின. இரண்டாம் நாளிலிருந்து சின்னக்கா வெள்ளவத்தையிலிருந்து இடியப்பமும் சொதியும் கட்டி அனுப்பினார். அதை அறையில் வைத்துச் சாப்பிட ஹோட்டலில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை, தட்டும் கரண்டியும்கூடக் கொண்டுவந்து தந்தார்கள்.

அம்மா ஐந்து நாளும் மணலை மிதிக்கவில்லை. "அதைக் கடக்க எனக்கு ஏலாது தம்பி, நீங்கள் போட்டு வாங்கோ" என்று எங்களை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு மாலையும் ஐந்தரை மணிக்குப் பல்கனியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பருத்தித்துறைக் கரை வடக்கைப் பார்த்தது. சூரியன் நேர் எதிரே கடலுக்குள் இறங்குவதை அவர் ஆற அமர இருந்து பார்த்தது இங்கேதான். கீழே வீடு திரும்புவோரை ஏற்றிய ரயில் கதவுகளில் ஆட்கள் தொங்க ஓடும்போது, அவர் ரயிலைப் பார்ப்பாரே தவிரத் திடுக்கிட மாட்டார். அறுபது மீற்றர் தூரத்தில் அது ஒரு காட்சியாக மட்டுமே இருந்தது.

பெரியக்கா அடுத்த தை மாதமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் அந்தப் பதுளை இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டாம் மாடி தெற்கு மூலையில் உள்ள அதே இரண்டு அறைகளையும் கேட்டேன். புதிய பருவத்துக்கான விலை வந்ததும் எல்லா வரிகளையும் சேர்த்து எழுதி அனுப்புவதாகச் சொன்னார், வைப்பதற்கு முன், "அம்மா சுகமா இருக்கிறாங்களா சேர்?" என்றும் கேட்டார்.